பயிற்சிக் குறிப்பேடு எதற்கு? நெடுந்தூரம் ஓடுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ விடியற்காலையில் ஏதேனும் ஒரு விளையாட்டு மைதானத்துக்குப் போனால், காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டிய இளைஞர்களையும், பெங்களூரில் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கோ ஓர் அரை மாரத்தானுக்கோ ஆயத்தமாகும் நடுவயதுக்காரர்களையும் சேர்த்தே பார்க்கலாம். ஓடியதை நாள்தோறும் எழுதிவைக்க வேண்டுமா என்ற கேள்வி இவர்களிடையே அடிக்கடி எழுகிறது. எழுதாதவன் தேறமாட்டான் என்று சில பயிற்சியாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஓடுகிறவன் ஓடுவான், கணக்குப்பிள்ளைதான் எழுதுவான் என்று வேறு சிலர் சிரிக்கிறார்கள். கையில் கட்டியிருக்கும் வாட்சே எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும்போது நோட்டும் பேனாவும் எதற்கு என்று கேட்கும் மூன்றாவது தரப்பும் இப்போது சேர்ந்திருக்கிறது.

மூன்று தரப்பாருமே குறிப்பேடு என்றால் ஓடிய தூரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் வரிசையாக நிரப்பும் ஏடு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மையானால் சிரிப்பவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது; அப்படிப்பட்ட ஏட்டினால் யாருடைய காலும் வலுவடைவதில்லை. குறிப்பேட்டுக்கு உள்ள வேலை வேறு. பயிற்சிக்கு உடல் எப்படி, எத்தனை நாள் கழித்துப் பதில் சொல்கிறது என்பதோடு அந்த வேலை பிணைந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எதை எழுத வேண்டும், யாருக்குத் தேவை, எப்போது ஏட்டை மூடிவைத்துவிடலாம் என்பவை தாமாகவே விளங்கும்.

பால் அட்டையில் இல்லாத செய்தி

நம் இரு மாவட்டங்களிலும் கறவை மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் பால் சங்கத்தின் அட்டை ஒன்று இருக்கும். காலையில் இத்தனை லிட்டர், மாலையில் இத்தனை லிட்டர், கொழுப்பு இவ்வளவு என்று அதில் குறித்திருப்பார்கள். ஒரு வாரமாகக் கொழுப்பு குறைந்துகொண்டே வந்தால் அட்டையைப் பார்த்ததும் அது தெரிந்துவிடும். ஏன் குறைந்தது என்பதுதான் தெரியாது. வைக்கோல் தீர்ந்துபோனதால் பச்சைத் தீவனத்தை மட்டுமே சில நாட்கள் போட்டிருக்கலாம். தீவனத்தில் நார்ச்சத்து குறைந்தால் பாலில் கொழுப்பும் குறையும் என்பது மாடு வளர்ப்போர் அறிந்ததே. ஆனால் அந்த விளைவு அடுத்த வேளைக் கறவையிலேயே முழுதாகத் தெரிந்துவிடாது. சில நாட்கள் கழித்து அது வெளிப்படும்போது வீட்டுக்காரர் வைக்கோல் தீர்ந்த நாளை மறந்துவிட்டு, முந்தாநாள் மாற்றிய புண்ணாக்கின் மேல் பழியைப் போடுவார்.

இங்கே இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே நாட்கள் ஓடிவிடுகின்றன; காரணமும் விளைவும் ஒரே ஏட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படவில்லை. நெடுந்தூர ஓட்டக்காரருடைய சிக்கலும் இதுவே, ஒரு வேறுபாட்டோடு. மாட்டுக்கு விளைவு எழுதப்படுகிறது, காரணம் விடுபடுகிறது. ஓட்டக்காரருடைய வாட்சில் காரணமாகிய தூரமும் வேகமும் பதிவாகின்றன. அவற்றுக்கு உடல் சொன்ன பதில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

உடல் ஏன் தாமதமாகப் பதில் சொல்கிறது

இனி சில சொற்களுக்குப் பொருள் வரையறுத்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் பயிற்சி உடலின் மீது ஏற்றும் மொத்தப் பாரத்தைச் சுமை என்போம். அந்தச் சுமையால் நீண்ட நாளில் வளரும் திறனைத் தகுதி என்போம். அதே சுமையால் உடனடியாக உண்டாகும் தற்காலிகத் தளர்ச்சியைக் களைப்பு என்போம்.

ஒவ்வொரு பயிற்சியும் தகுதி, களைப்பு ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. களைப்பு பெரிதாக எழுந்து விரைவில் தணிகிறது. தகுதி சிறிதாகவே எழுந்தாலும் மெல்லத் தேய்கிறது. இன்று மைதானத்தில் நீங்கள் ஓடும் ஓட்டம் எவ்வளவு நன்றாக அமைகிறது என்பது சேர்ந்திருக்கும் தகுதியிலிருந்து மிஞ்சியிருக்கும் களைப்பைக் கழித்தால் வருவது. எரிக் பானிஸ்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1975 ஆம் ஆண்டில் இதை ஒரு கணித மாதிரியாக வெளியிட்டார்கள். இன்று சந்தையில் உள்ள பயிற்சி மென்பொருள்கள் பலவும் அதன் வழிவந்தவையே. அவற்றில் தகுதி தேய்வதற்கு 42 நாட்கள், களைப்பு தேய்வதற்கு 7 நாட்கள் என்ற அளவுகளை வழக்கமாக வைத்திருப்பார்கள். இவை கணக்குக்கு வசதியான பொது அளவுகள். ஆளுக்கு ஆள் மாறக்கூடியவை.

இந்தக் கழித்தல் கணக்கைப் புரிந்துகொண்டால் ஓட்டக்காரர்களைக் குழப்பும் ஓர் அனுபவம் தெளிவாகும். மூன்று வாரங்கள் கடுமையாகப் பயிற்சி செய்தவர் மூன்றாம் வார முடிவில் ஓடிப்பார்த்தால் தொடக்கத்தில் இருந்ததைவிட மெதுவாக ஓடுவார். தகுதி குறைந்துவிட்டதென்று பயந்து இன்னும் கடுமையாக ஓடத் தொடங்குவார். உண்மையில் தகுதி வளர்ந்திருக்கும். அதன் மேல் களைப்பு மூடிக்கொண்டிருக்கும். ஐந்தாறு நாட்கள் லேசாக ஓடியிருந்தால் வளர்ந்தது வெளியே தெரிந்திருக்கும். முந்தைய முறையும் இதேபோல் நடந்து, ஓய்வுக்குப் பின் வேகம் கூடியதென்று எழுதிவைத்தவருக்கு இந்தப் பயம் வராது.

தகுதி என்பதும் ஒரே பொருள் அன்று. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களுக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ள முடிகிறது. தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும், தசையைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களும் பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் இவற்றைவிட மெதுவானவை. எலும்பு தன்னை அரித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் ஒரு சுற்றுக்கே சில மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது, இனி தூரத்தைக் கூட்டலாம் என்று நுரையீரலும் இதயமும் சொல்லும் நேரத்தில் கணுக்காலெலும்பு இன்னும் ஆயத்தமாகியிருக்காது. ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த பிறகு அவசரமாக ஓடத் தொடங்கும் இளைஞர்களில் பலருக்கு இரண்டாம் மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வருவதற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கியக் காரணம்.

சுருக்கமாகப் பார்த்தால், ஒரு பயிற்சியின் களைப்பு ஒரு வாரத்தளவிலும், தகுதி பல வாரங்களிலும், எலும்பிலும் தசைநாணிலும் அதன் தாக்கம் மாதக்கணக்கிலும் தெரியவருகிறது. இன்றைய ஓட்டத்தைத் தீர்மானிப்பது நேற்றைய நாள் மட்டும் அன்று.

நினைவை ஏன் நம்ப முடியாது

ஆறு வாரங்களுக்கு முன் செவ்வாய்க்கிழமை எப்படி ஓடினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அது இயல்பு. ஆனால் நினைவு வெறுமனே மங்குவதோடு நிற்பதில்லை. அது ஒரு பக்கமாகச் சாய்ந்தும் விடுகிறது. டேனியல் கானெமன் முதலிய உளவியலாளர்கள் 1993 இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பங்கேற்றவர்கள் 14 டிகிரி குளிர்நீரில் 60 வினாடிகள் ஒரு கையை வைத்திருந்தார்கள். மற்றொரு முறை அதே 60 வினாடிகளோடு இன்னும் 30 வினாடிகள் மற்றொரு கையை வைத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் நீர் 15 டிகிரிவரை மெல்லச் சூடாக்கப்பட்டது. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பான்மையோர் நீண்ட நேரம் வலித்த இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். ஓர் அனுபவத்தின் மொத்த நீளத்தை நினைவு பொருட்படுத்துவதில்லை. உச்சத்தையும் முடிவையும் மட்டும் பிடித்துவைத்துக்கொள்கிறது.

ஓட்டத்திலும் இதுவே நடக்கிறது. நாற்பது நிமிடம் திணறிவிட்டு கடைசி ஐந்து நிமிடம் இறக்கத்தில் இதமாக ஓடி முடித்தவர், ஒரு மாதம் கழித்து அதை நல்ல ஓட்டமாகவே நினைவுகூர்வார். பயிற்சியாளர் கேட்கும்போது பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் பொய் சொல்வார்.

தூரம் என்னும் ஏமாற்று அளவு

சரி, எழுதுவது என்று முடிவு செய்தால் சுமையை எந்த அளவில் எழுதுவது? பெரும்பாலோர் கிலோமீட்டரில் எழுதுகிறார்கள். நம் நிலப்பரப்பில் இதைப்போல் ஏமாற்றும் அளவு வேறில்லை. அரூர்ப் பக்கம் சமதளச் சாலையில் ஓடும் 8 கிலோமீட்டரும் வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் 8 கிலோமீட்டரும் ஏட்டில் ஒரே எண்ணாகத்தான் நிற்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிர்ந்த காலையும், அதில் பாதி உயரமே உள்ள தருமபுரியின் சித்திரை மாதக் காலையும் உடலுக்கு ஒன்றாக இருக்க முடியாது. வெயிலில் உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஆகவே அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஆடிக் காற்றை எதிர்த்து ஓடியவர்களுக்கு இன்னோர் உதாரணம் தேவையில்லை.

இதற்கு எளிய தீர்வு ஒன்று இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்ற உளவியலாளர், ஒருவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதை அவரையே கேட்டு எண்ணாகப் பெறும் அளவுகோல்களை உருவாக்கினார். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் அதைப் பயிற்சிக்குப் பொருத்தினார். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தத்தில் இன்று எவ்வளவு சிரமமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். இதைச் சிரம மதிப்பு என்போம். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் 3. ஓரிரு சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் 7. இதற்கு மேல் முடியவே முடியாது என்றால் 10. அந்த எண்ணை ஓடிய நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: முடித்தவுடனே கேட்டால் கடைசி நிமிடத்தின் திணறலே மதிப்பாக வந்துவிடும்.

மேலே சொன்ன இரு ஓட்டங்களுக்கும் கணக்குப் போடுவோம். சமதளத்தில் 8 கிலோமீட்டரை 48 நிமிடத்தில், சிரம மதிப்பு 3 என்ற அளவில் முடித்தால் சுமை 144. மலையில் அதே தூரம் 64 நிமிடமும் சிரம மதிப்பு 7 ஆகவும் இருந்தால் சுமை 448. கிலோமீட்டர்க் கணக்கில் சமமாகத் தெரிந்த இரண்டும் உண்மையில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. அடுத்த நாள் அதே ஆளுக்குக் கால் ஏன் எழவில்லை என்பதை 8 என்ற எண் சொல்லாது, 448 சொல்லும்.

வாட்ச் இருக்கும்போது நோட்டு எதற்கு

ஜிபிஎஸ் வாட்சின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. தூரம், வேகம், ஏறிய உயரம் ஆகியவற்றை அது மனிதரைவிட நன்றாகக் குறிக்கும். மணிக்கட்டில் எடுக்கும் இதயத் துடிப்பு சில நேரங்களில் பிசகும்; காலடித் தாளத்தை இதயத் துடிப்பென்று எண்ணிக்கொள்ளும் வாட்சுகள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் போதும்.

ஆனால் முன்னரே சொன்னபடி அது காரணத்தைத்தான் எழுதுகிறது. பதிலை யார் எழுதுவது? ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான சா, மெயின், காஸ்டின் ஆகியோர் 2016 இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு இங்கே முக்கியமானது. விளையாட்டு வீரர்கள் பயிற்சியை எப்படித் தாங்குகிறார்கள் என்பதை அறிய, இரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்ற கருவி அளவுகளையும், மனநிலை, சோர்வு, தசைவலி போன்றவற்றை வீரரே சொல்லும் அளவுகளையும் பல ஆய்வுகளிலிருந்து எடுத்து அவர்கள் ஒப்பிட்டார்கள். பயிற்சிச் சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கூர்மையாகவும் சீராகவும் காட்டியவை வீரர் தம் வாயால் சொன்னவையே. கருவியே துல்லியம், உணர்வு வெறும் மனப்பிரமை என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கும். எப்படி இருக்கிறது உடம்பு என்று நல்ல பயிற்சியாளர் தினமும் கேட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

மேலும் ஓட்டக்காரருடைய நாளில் ஓடாத இருபத்திரண்டு, இருபத்து மூன்று மணி நேரம் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவருக்கு இரவு ஷிப்டு வாரத்தின் அதே 10 கிலோமீட்டர் வேறொரு சுமை. ஊர்க் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய விழித்திருந்து பார்த்தவர் அந்த வாரத்தை மற்ற வாரத்தோடு ஒப்பிடவே கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் நாட்களைக் குறித்துவைப்பது மிகவும் பயன்படும். ஒரே சாலையில் அதே வேகத்துக்குச் சிரம மதிப்பு மாதக்கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே போனால், இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள அதுவே போதுமான காரணம். ஒரு நாளில் தெரியாத சரிவு இது. வரிசையாகப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

இதுவரை சொன்னவற்றின் சாரம் இதுதான். சுமையை நிமிடமும் சிரம மதிப்பும் சேர்ந்து சொல்கின்றன. அதற்கு உடல் தரும் பதிலை உறக்கம், வலி, மனநிலை ஆகியவற்றைப் பற்றிய ஓரிரு சொற்கள் சொல்கின்றன. நிமிடத்தை வாட்சுக்கு விட்டுவிடலாம்; சிரம மதிப்பையும் உடலின் பதிலையும் விட முடியாது.

ஒரு நாள் குறிப்பு எப்படி இருக்கும்

பக்கம் நிறைய எழுதத் தேவையில்லை. நீளமாக எழுதத் தொடங்குகிறவர்களே முதலில் கைவிடுகிறார்கள் என்பது நான் பார்த்த வழக்கம். கீழே உள்ளதைப்போல் இரண்டு மூன்று வரிகள் போதும்:

"செவ்வாய். அணை சாலை, போய்த் திரும்பி 50 நிமிடம். சிரமம் 4. உறக்கம் 6 மணி நேரம். இடது குதிகால் தசைநாணில் தொடக்கத்தில் இறுக்கம், பத்து நிமிடத்தில் போய்விட்டது. நேற்று இரவு களி, வயிறு லேசாக இருந்தது. புழுக்கம்."

இதில் மிகவும் விலையுள்ள வாக்கியம் குதிகாலைப் பற்றியது. பத்து நிமிடத்தில் மறைந்த இறுக்கத்தை எந்த வாட்சும் எழுதாது. ஓட்டக்காரரும் குளித்து முடிப்பதற்குள் மறந்துவிடுவார். அடுத்த வாரம் அதே இறுக்கம் பதினைந்து நிமிடம் நீடித்து, அதற்கடுத்த வாரம் மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போதே தெரிந்தால், இவை மூன்றும் வரிசையாகக் கண்ணில் படும்போது ஓட்டத்தைக் குறைப்பதற்கான நேரம் வந்துவிட்டதென்று விளங்கும். தசைநாண் வலி பெரும்பாலும் இப்படித்தான், சத்தமில்லாமல் வருகிறது.

படிக்காத குறிப்பேடு

எழுதுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், திரும்பிப் படிப்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. என் பார்வையில் குறிப்பேட்டின் பயன் முழுவதும் படிப்பதிலேதான் இருக்கிறது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து படிக்காதவர் எழுதுவதையும் நிறுத்திவிடலாம். அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக உறங்கினால் நிச்சயமாக நன்மை உண்டு.

எதைத் தேடிப் படிப்பது? முதலாவது, ஒரே தடத்தில் ஒரே சிரம மதிப்பில் ஓடிய நாட்களை எடுத்து ஒப்பிடுவது. சிரமம் 4 என்ற அளவில் அணை சாலை மாசி மாதத்தில் 52 நிமிடமும் வைகாசியில் 50 நிமிடமும் ஆகியிருந்தால், வெயில் ஏறிய பின்னரும் நேரம் குறைந்திருக்கிறதென்றால், தகுதி வளர்ந்திருக்கிறது என்று நம்பலாம். வெயில் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தை மட்டும் இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். தினமும் தன்னோடு தானே போட்டி போட்டு முன்னேற்றத்தை அளக்கிறவர்களைவிட இப்படி அமைதியான நாட்களை ஒப்பிடுகிறவர்களுக்கு உண்மை நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, லேசான நாட்கள் உண்மையில் லேசாக இருந்தனவா என்று பார்ப்பது. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உலகத் தரம் வாய்ந்த நெடுந்தூர விளையாட்டு வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்து, அவர்கள் செய்யும் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த கடுமை கொண்டவை என்று காட்டினார். நம் மைதானங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேரெதிர். கூட்டாக ஓடும்போது முன்னால் போகிறவரை விடக் கூடாதென்று எல்லா நாளும் சிரமம் 6 அல்லது 7 இல் முடிகிறது. கேட்டால் வாரத்தில் நான்கு நாள் லேசாகத்தான் ஓடுகிறேன் என்பார்கள். நான்கு வாரக் குறிப்பைப் பார்த்தால் 3 என்ற எண் ஓரிடத்தில்கூட இருக்காது.

மூன்றாவது, வலி தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் என்ன மாறியது என்று தேடுவது. இங்கே ஒரு பிரபலமான விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே, காயம் வராது என்பது அந்த விதி. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடத்தி 2008 இல் வெளியிட்ட சோதனையில், இந்த விதிப்படி மெல்லக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் காயம் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு, ஏற்பட்டது. மெல்லக் கூட்டுவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சதவீதம் கிடையாது என்பதே பொருள். இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து அபாயத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற கணக்கும் சில ஆண்டுகள் மிகுந்த செல்வாக்கோடு உலவி, பிறகு புள்ளியியல் அடிப்படையில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. பொது விதி கைவிடும் இடத்தில் சொந்தக் குறிப்பு உதவும்: இரண்டு முறை முன்னெலும்பு வலி வந்து, இரண்டு முறையும் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் மலை ஓட்டத்தைத் தொடங்கியிருந்தால், அந்தக் காலுக்குரிய எச்சரிக்கை அதுவே. இரண்டு முறை நடந்ததை வைத்து உறுதியான முடிவு கட்ட முடியாது. மூன்றாம் முறை கொஞ்சம் கவனமாக இருக்க அது போதும்.

பெரிய வீரர்கள் எழுதியதால் நாமும் எழுத வேண்டுமா

மாரத்தான் ஓட்டத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கென்யாவின் எலியுட் கிப்சோகே தம் பயிற்சிகளை நோட்டில் கையால் எழுதிவைப்பவர் என்பது பலரும் அறிந்தது. நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை மாரிட் பியோர்கென் பதினேழு ஆண்டுகள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு 2017 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்தது. 20 வயதில் ஆண்டுக்கு 522 மணி நேரமாக இருந்த அவருடைய பயிற்சி 35 வயதில் 940 மணி நேரமாக வளர்ந்தது என்பது அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

இந்த உதாரணங்களைக் காட்டி எழுதினால் வெல்லலாம் என்று பேசுவது தவறான தர்க்கம். எழுதிவைத்தும் தோற்றவர்கள் எண்ணற்றவர்கள். அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. பியோர்கெனின் ஏட்டிலிருந்து கற்க வேண்டியது வேறு: 522 இலிருந்து 940 க்குப் போக அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஒரு பருவத்திலேயே தூரத்தை இரட்டிப்பாக்க நினைக்கும் நம் ஊர் ஓட்டக்காரர் அந்த இரு எண்களையும் சற்று நேரம் உற்றுப்பார்க்கலாம்.

யாருக்குத் தேவையில்லை

வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் உடல்நலத்துக்காக ஓடுகிறவருக்குக் குறிப்பேடு அவசியமில்லை. அவருடைய சுமை வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. மாறாத ஒன்றை எழுதிப் பார்த்து அறிய அதிகம் ஒன்றுமில்லை. புதிதாகத் தொடங்கியவருக்கும் முதல் சில வாரங்கள் ஓடப் பழகுவதே போதும். முன்னெலும்பு, முழங்கால் வலியின் வரலாறு உள்ளவர் மட்டும் தொடக்கத்திலிருந்தே எழுதலாம்.

சிலருக்கு எழுதுவது கெடுதலாகவும் முடியும். ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் 2016 இல் வெளியிட்ட சோதனைகளில், நடப்பது, படிப்பது, வண்ணம் தீட்டுவது போன்ற செயல்களை அளந்துகொண்டே செய்தவர்கள் அதிகமாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். அளவு வந்ததும் செயல் வேலையாகிவிடுகிறது. மன அமைதிக்காக ஓடுகிறவர் இதை யோசிக்க வேண்டும். இன்னொரு வகையினர், வாரக் கணக்கு 60 கிலோமீட்டர் ஆக இன்னும் மூன்று மீதமிருக்கிறதென்று ஞாயிறு இரவு காய்ச்சலோடு தெருவில் ஓடுகிறவர்கள். அவர்களுக்கு எண்களே இல்லாத ஏடு நல்லது. எப்படி இருந்தது என்று ஒரு வரி மட்டும் எழுதலாம். ஓடாத நாட்களை வெற்றாகவே விட்டுவிட வேண்டும். பிறகு நினைவிலிருந்து நிரப்பிய பக்கம், வெற்றுப் பக்கத்தைவிடக் கேடானது.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம்

குறிப்பேடு மிகத் தெளிவாகக் கைகொடுக்கும் இடம் ஒன்று மீதமிருக்கிறது. தேர்வுக்கோ போட்டிக்கோ முன் பயிற்சியைக் குறைத்து, தகுதியை இழக்காமல் களைப்பை மட்டும் வடியவிடுவதைத் தளர்வுக் காலம் என்போம். தகுதி மெல்லத் தேய்கிறது, களைப்பு விரைவாகத் தேய்கிறது என்ற அந்த வேறுபாட்டைத்தான் இது பயன்படுத்திக்கொள்கிறது. 2007 இல் லோரான் போஸ்கே முதலானோர் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, வேகத்தைக் குறைக்காமல் பயிற்சியின் அளவை மட்டும் 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து இரண்டு வாரம் ஓடுவது சராசரியாக நல்ல பலன் தருகிறது.

சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு எட்டு நாளிலேயே கால் துள்ளும்; இன்னொருவருக்குப் பதினான்கு நாளும் போதாது; வேறொருவர் ஐந்து நாளுக்கு மேல் ஓய்ந்தால் மந்தமாகிவிடுவார். காவலர் உடல்தகுதித் தேர்வுக்குப் போகிற இளைஞருக்கு வாய்ப்பு எப்போதாவது ஒருமுறைதான் வருகிறது. அன்றைக்குப் போய்ப் பரிசோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே தேர்வுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே, கடுமையான வாரங்களுக்குப் பின் சில நாட்கள் குறைத்து ஓடி, எத்தனையாவது நாளில் 1500 மீட்டர் மிகவும் எளிதாக வந்தது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளலாம். மூன்று முறை குறித்தால், தேர்வு நாளிலிருந்து எத்தனை நாள் பின்னோக்கி எண்ணிப் பயிற்சியைக் குறைக்கத் தொடங்க வேண்டும் என்பது பெருமளவு தெரிந்துவிடும்.